முட்டை வெடிக்கும் முன்பா, வெடித்த பிறகா? - வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவும் ஃபாலிக்குலர் ஸ்டடி பற்றியே, அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவி வைத்து முட்டை வளர்ச்சியை அவ்வப்போது பார்க்கும் உள்ஸ்கேன் பற்றியே, இருந்தன. மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தைக்காக முயற்சி செய்து பத்து மாதம் ஆகிறது. மாதவிலக்கு 32 நாளுக்கு ஒரு முறை சரியாக வந்துவிடும். மூன்று மாதமாக உள்ஸ்கேனில் முட்டை வளர்ச்சி பார்க்கிறார்கள். போன மாதம் 11-ஆம் நாள் வலது பக்கம் 11.5 மி.மீ., 13-ஆம் நாள் 15, 15-ஆம் நாள் 18.5, 17-ஆம் நாள் 22. 19-ஆம் நாள் காலையில் 'முட்டை வெடித்துவிட்டது' என்றார்கள். அன்று இரவே நாங்கள் சேர்ந்தோம். விந்தணு வீணாகக் கூடாது என்று மாதவிலக்கு முடிந்ததிலிருந்து அதுவரை விலகியே இருந்தோம். மூன்று மாதமும் இப்படித்தான். முட்டை நன்றாக வளர்ந்து வெடித்தும் கரு ஏன் நிற்கவில்லை? ரிப்போர்ட்டில் இருக்கும் மற்ற எழுத்துகளும் புரியவில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை அம்மா. நாள்தான் தவறிவிட்டது, மூன்று மாதமும்.

வெளியே வந்த கருமுட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம், அவ்வளவுதான். 17-ஆம் நாள் 22 மி.மீ. இருந்த நீர்ப்பை (முட்டை இதற்குள்தான் இருக்கிறது) 19-ஆம் நாள் காலையில் சுருங்கிக் கிடக்கிறது என்றால், இடையில் இருக்கும் 48 மணி நேரத்தில் எப்போதோ வெடித்திருக்கிறது. 17-ஆம் நாள் இரவே வெடித்திருந்தால், 19-ஆம் நாள் இரவு நீங்கள் சேரும்போது முட்டை உயிரோடு இருந்திருக்காது. விந்தணுவின் கணக்கு வேறு. கருப்பை வாயில் சுரக்கும் வழவழப்பான சளியிலும் கருக்குழாயிலும் அது 5 நாள் வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு குழாயில் போய்க் காத்திருக்க வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து அல்ல. 1995-இல் ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. முட்டை வெளியாகும் நாள், அதற்கு முந்தைய 5 நாள்கள், ஆக மொத்தம் 6 நாள்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கரு உண்டானது. அந்த நாள் கடந்த பிறகு சேர்ந்தவர்களில் யாருக்கும் உண்டாகவில்லை. 'வெடித்துவிட்டது' என்ற செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வது, வாசல் மூடிய பிறகு போய் நிற்பதுதான். எத்தனையோ தம்பதிகள் இதையே மாதக்கணக்கில் செய்கிறார்கள், யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நான் ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஓரத்தில் சேர வேண்டிய நாள்களைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்கள் டாக்டரிடமும் அப்படி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கணக்கில் பார்த்தால் நல்ல நாள்கள் 13-இலிருந்து 18 வரை. அதிலும் 15 முதல் 18 வரை மிக நல்ல நாள்கள். பை 15 மி.மீ. ஆனதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேருங்கள். 18 மி.மீ.யைத் தாண்டினால் தினமும் சேர்ந்தாலும் சரி. விந்தணு வீணாகிவிடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். பத்து நாளுக்கு மேல் விலகியிருந்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், ஆனால் பழைய அணுக்கள் சேர்ந்து அவற்றின் ஓட்டம் குறைந்துவிடும்.

இப்போது ரிப்போர்ட். 'ஆர்.ஓ.' வலது சினைப்பை, 'எல்.ஓ.' இடது சினைப்பை. 'எம்.எஸ்.எஃப்.' என்றால் அந்தப் பக்கம் சின்னச் சின்னப் பைகள் மட்டும் இருக்கின்றன, எதுவும் பெரிதாக வளரவில்லை என்று பொருள். ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு பக்கம் வளர்ந்தால் போதும். மாதம் மாறிப் பக்கம் மாற வேண்டும் என்ற விதியும் இல்லை, தொடர்ந்து வலதிலேயே வளர்வதில் கெடுதலும் இல்லை. 'ஈ.டி.' என்பது கருப்பையின் உள்சவ்வு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது. மாதவிலக்கு முடிந்தவுடன் மெல்லிசாக இருக்கும் அது, முட்டை வெடிக்கும் சமயத்தில் 7, 8 மி.மீ.க்கு மேல் வந்து, மூன்று கோடு போட்டாற்போல் தெரிந்தால் நல்லது. வெடித்த பிறகு அந்தக் கோடுகள் மங்கி, சவ்வு முழுக்க வெண்மையாகிவிடும். 'பி.ஓ.டி.' என்பது கருப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். பை வெடித்ததும் அதில் கொஞ்சம் நீர் தேங்கும், அதைத்தான் 'ஃப்ரீ ஃப்ளூயிட்' என்று எழுதுகிறார்கள். அது இருந்தால் பயப்படாதீர்கள்.

உங்கள் பை நாளுக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் போல வளர்ந்திருக்கிறது. 10 மி.மீ. தாண்டிய பிறகு நாளுக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. வளர்வது இயல்பு, பெரும்பாலும் 18-க்கும் 25-க்கும் இடையில் வெடிக்கும். அப்புறம், அளப்பவர் மாறினால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக வரும். நேற்று 17, இன்று 16.5 என்று இருந்தால் முட்டை சுருங்கிவிட்டதாக நினைத்து அழ வேண்டாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் தெரிவது முட்டை இருக்கும் நீர்ப்பை. முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அது ஸ்கேனில் தெரியவே தெரியாது. அதனால் முட்டையின் தரத்தை ஸ்கேன் சொல்லாது. சாதாரண ஸ்கேனில் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் தெரியாது. உங்கள் கணவரின் விந்தணு பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. 'முட்டை வளர்கிறதா, வெடிக்கிறதா, எந்த நாளில்?' என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். உங்கள் விஷயத்தில் அந்தப் பதில் மூன்று மாதமும் கிடைத்துவிட்டது. நான்காவது மாதமும் போய்ப் படுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. 12-ஆம் நாளிலிருந்து 19-ஆம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து வாருங்கள். அதோடு கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெண்ணுக்கு வயது 40-க்குக் கீழே இருந்து, கருத்தடை இல்லாமல் சேர்ந்து வரும் தம்பதிகளில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கரு நின்றுவிடுகிறது. உங்களைப் பொறுத்தவரை சரியான நாளில் முயற்சி செய்வது இனிமேல்தான் தொடங்குகிறது.

கேள்வி: நான் கணவன் எழுதுகிறேன். வயது 34. ஸ்கேன் முடிந்ததும் மனைவி எனக்கு 'இன்றும் நாளையும்' என்று மெசேஜ் அனுப்புவாள். அந்த இரண்டு நாள் மட்டும் என்னால் முடிவதில்லை. மற்ற நாள்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. போன மாதம் அவள் இரவு முழுக்க அழுதாள். 'நான் இவ்வளவு ஸ்கேன், ஊசி தாங்குகிறேன், உங்களுக்கு இது ஒன்றுதானே' என்கிறாள். எனக்கு ஏதாவது நோயா?

நோய் இல்லை தம்பி. மற்ற நாள்களில் சரியாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதுமான சான்று. நாள் குறித்து, நேரம் குறித்து 'இப்போது' என்றால் பல ஆண்களுக்கு இப்படி ஆகிறது. வாய்விட்டுச் சொல்பவர்கள்தான் குறைவு. எழுதியதற்கு நன்றி.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும் முன் வரிசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உடை தளர்த்திப் படுத்து எழுந்து வருகிறவள் அவள். அதையும் மனதில் வையுங்கள்.

நான் சொல்லும் வழி இது. மாதவிலக்கு முடிந்ததிலிருந்து, ஸ்கேன் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்து வாருங்கள். விந்தணு உள்ளே சில நாள் உயிரோடு இருக்கும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த இடைவெளியில் சேர்ந்து வந்தால் எந்த நாளில் முட்டை வந்தாலும் ஆள் இருக்கும். 'இன்றைக்குத் தவறினால் எல்லாம் போச்சு' என்ற நிலை வராது. ஸ்கேன் தேதியையும் அளவையும் மனைவி தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், மெசேஜ் வேண்டாம். இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அப்படியும் முடியாமல் போனால் விறைப்புக்குத் தற்காலிகமாக மாத்திரை இருக்கிறது, விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. இருக்கிறது. டாக்டரிடம் கூச்சமில்லாமல் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காதது ஒன்று: விந்துப் பரிசோதனை செய்தீர்களா? மனைவிக்கு இத்தனை ஸ்கேன், ஊசி ஆன பிறகும் அது நடக்கவில்லை என்றால் வரிசையே தலைகீழாகிவிட்டது. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. 2 முதல் 7 நாள் வரை விலகியிருந்து மாதிரி கொடுக்க வேண்டும், வலியில்லாத சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணு, அவற்றில் 42 சதவீதத்துக்கு அசைவு என்பதைக் கீழ் எல்லையாக வைத்துப் பார்க்கிறோம். ஒரு முறை குறைந்து வந்தால் முடிவு கட்டிவிடாதீர்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை இறங்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது. மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். இந்த மாதம் 5 நாள் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். 12-ஆம் நாள் ஸ்கேனில் 18, 17, 16 மி.மீ. என்று மூன்று முட்டை. சந்தோஷப்பட்டேன். ஆனால் டாக்டர் 'இந்த மாதம் சேர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார், முட்டை வெடிக்க வைக்கும் ஊசியும் போடவில்லை. மூன்று இருந்தால் வாய்ப்பு மூன்று மடங்கு இல்லையா? இன்னொன்று, அந்த மாத்திரையைத் தேடினால் மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மாத்திரைதான். அது உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைச் சில நாள் குறைக்கிறது. குறைந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'இன்னும் வேண்டும்' என்று எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. அந்த உந்துதலில் பை வளர்கிறது. 5 நாளில் மாத்திரை முடிந்துவிடும், கரு உருவாகும் நேரத்தில் உடலில் அது ஏறக்குறைய இருக்காது. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குப் பழைய க்ளோமிஃபீன் மாத்திரையைவிட இது நல்ல பலன் தருவதை 2014-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது: 750 பெண்களில் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், க்ளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது.

இனி மூன்று முட்டை. உங்கள் டாக்டர் செய்தது சரி. ஒரு மாத வாய்ப்பை விட்டுக்கொடுக்கச் சொல்வது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது. மூன்றும் வெடித்து மூன்றும் கருவானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரட்டைக் குழந்தை என்றாலே குறைமாதப் பிரசவம், தாய்க்கு ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து கூடுகிறது. மூன்று குழந்தைகள் என்றால் சராசரியாக 32-ஆவது வாரத்தை ஒட்டியே பிறந்துவிடுகிறார்கள். அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அம்மா வெளியே நின்று பார்க்கும் நாள்களை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் காத்திருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்கேன் ஏன் கட்டாயம் என்பதற்கு உங்கள் கடிதமே பதில். இயற்கையாக முட்டை வளர்கிறவர் ஸ்கேன் இல்லாமலும் முயற்சி செய்யலாம். மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு எத்தனை பை வளர்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பாதுகாப்புக்காக. முதல் மாதமாவது பார்த்தே ஆக வேண்டும். 'மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடு, ஸ்கேன் எதற்கு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்த மாதம் அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். இந்த மாதம் டாக்டர் சொல்லும் வரை விலகியே இருங்கள், அல்லது ஆணுறை அணியட்டும்.

கேள்வி: வயது 31. என் முட்டை 21, 24, 28 என்று வளர்ந்துகொண்டே போனது, வெடிக்கவே இல்லை. ஆனால் மாதவிலக்கு சரியான நாளில் வந்துவிட்டது. முட்டை வராமல் மாதவிலக்கு எப்படி வரும்? முதுகுவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் சாப்பிடுவேன், வேறு பிரச்சினை இல்லை.

வேறு பிரச்சினை இல்லை என்று கடைசியில் எழுதிய அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கக்கூடும். பை வெடிக்க ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளைத் தடுத்துத்தான். முட்டை வெடிக்க வேண்டிய நாள்களில் தொடர்ந்து சாப்பிட்டால் வெடிப்பது தள்ளிப்போகலாம், நடக்காமலும் போகலாம். வலி தாங்க முடியவில்லை என்றால் அந்த நாள்களில் பாராசிட்டமால் போதுமா என்று பாருங்கள். மூட்டுவாதம் மாதிரி நோய்க்காகச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், குழந்தைக்கு முயற்சிப்பதைச் சொல்லி மாற்று கேட்க வேண்டும்.

மாதவிலக்கு எப்படி வந்தது என்றால், வெடிக்காத பையும் ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும், அது குறையும்போது மாதவிலக்கு வந்துவிடும். அந்த ஹார்மோன் இருப்பதால் ரத்தப் பரிசோதனையில் முட்டை வந்த மாதிரியே தெரியும்; முட்டை வெளியாகும் நாளைக் காட்ட வீட்டில் செய்யும் சிறுநீர் டெஸ்ட்டும் பாசிட்டிவ் காட்டும். ஸ்கேன் ஒன்றில்தான் இது பிடிபடும். எந்தப் பெண்ணுக்கும் எப்போதாவது ஒரு மாதம் இப்படி ஆகலாம். தங்கிவிட்ட பை பெரும்பாலும் அடுத்த ஒன்றிரண்டு மாதவிலக்கில் தானாகவே கரைந்துவிடும். அடுத்த இரண்டு மாதம் வலி மாத்திரை இல்லாமல் ஸ்கேன் பார்த்து, அப்போதும் வெடிக்கவில்லை என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார்.

கேள்வி: உள்ஸ்கேன் அடிக்கடி செய்தால் முட்டை கெட்டுவிடும் என்கிறார் மாமியார். எனக்கும் வலி பயம்.

அது ஒலி அலை, கதிர்வீச்சு இல்லை. முட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். கருவிக்கு ஒவ்வொருவருக்கும் புது உறை மாட்டுவார்கள். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வலித்தால் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கொஞ்சமும் தாங்கவே முடியாதவர்களுக்குச் சிறுநீர்ப்பையை நிரப்பி வயிற்றின் மேல் வைத்தும் பார்க்கலாம், தெளிவு மட்டும் குறையும்.

கேள்வி: முட்டை வெடிக்க ஊசி போட்டு 8-ஆம் நாள் வீட்டில் டெஸ்ட் செய்தேன், இரண்டு கோடு. எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் மாதவிலக்கு வந்துவிட்டது. கரு கலைந்துவிட்டதா?

பெரும்பாலும் கரு கலைந்திருக்காது. உங்களுக்குப் போட்ட ஊசி ஹெச்.சி.ஜி. என்றால், வீட்டுப் பரிசோதனை தேடும் ஹார்மோனும் அதேதான். அது உடலைவிட்டுப் போக 10 முதல் 14 நாள் வரை ஆகும். நீங்கள் பார்த்த இரண்டாவது கோடு ஊசியின் கோடாகத்தான் இருக்க வேண்டும். இதை ஊசி போட்ட அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இனி ஊசி போட்டு 16-ஆம் நாளுக்கு முன் டெஸ்ட் வேண்டாம். சந்தேகம் வந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ரத்தப் பரிசோதனை செய்து அளவு ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஊசி போட்ட 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும் என்பதால், போட்ட அன்றும் மறுநாளும் சேர்வது நல்லது.

கேள்வி: வயது 38. இப்போதுதான் திருமணம். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒழுங்காக வருகிறது. நேரடியாக ஸ்கேனில் தொடங்கலாமா, வீட்டில் செய்யும் ஓவுலேஷன் டெஸ்ட் போதுமா?

ஒழுங்கான மாதவிலக்கு என்றால் வீட்டு டெஸ்ட் போதும். 10-ஆம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும், அன்றும் மறுநாளும் சேருங்கள். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக இழுபடும் நாள்களும் நல்ல நாள்களே. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவது உண்டு.

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது காலத்தைப் பற்றி. 35 வயதுக்கு மேல் 6 மாதம் முயற்சித்து நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. அப்போது மாதா மாதம் முட்டை வளர்ச்சி ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் சம்மதிக்காதீர்கள். மாதவிலக்கின் 2 அல்லது 3-ஆம் நாள் ஒரு ஸ்கேன் எடுத்துச் சினைப்பையில் எத்தனை சிறு பைகள் இருக்கின்றன என்று எண்ணுவது, சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, கணவருக்கு விந்துப் பரிசோதனை, எல்லாம் ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஏ.எம்.ஹெச். குறைவாக வந்தாலும் இயற்கையாகக் கரு நிற்காது என்று பொருள் கொள்ள வேண்டாம். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குவது, முட்டை வளர்க்கும் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று திட்டமிடத்தான் அது உதவும்.

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கரு நிற்கும் முன்பிருந்தே சாப்பிட வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரோ சர்க்கரை நோய் உள்ளவரோ என்றால் அளவு கூடும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி இன்றைக்கே தொடங்கிவிடலாம்.